பார்த்து எடுக்கும் கை

"பிரஷ்ஷ எடு... தடவு... அழுத்து... தள்ளு. நெட்டை, எதுக்கு இவ்வளவு அவசரம்? பெல்ட்டு உன்னத் துரத்தட்டும், நீ பெல்ட்டத் துரத்தாத."

டயர் கடைக்கு மேலேயிருந்த அந்த நீளக் கூடத்தில் பெண்கள் வரிசையாக நின்று, கையில் இல்லாத ஷூவின் அடியில் இல்லாத பசையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஷூ கம்பெனியில், ஓடுகிற பெல்ட்டில் வரும் ஷூவுக்குப் பசை தடவும் பசைப் பிரிவில் வேலை செய்கிறவர்கள். கீழே டயருக்குக் காற்றடிக்கும் மோட்டார் ஓடத் தொடங்கும்போதெல்லாம் தரை அதிர்ந்தது. ஜன்னல் ஒன்றுதான் திறந்தது. மற்றதை யாரோ ஆணியடித்து மூடியிருந்தார்கள்.

"ஆறு நாளும் பசை தடவுறோம். லீவு நாள்லயும் வந்து அதையே தடவுறோம் பாரு, நம்மள மாதிரி புத்திசாலிங்க எங்கயாவது உண்டா?" என்றாள் நெட்டை. வரிசையில் எல்லோரையும்விட ஒரு தலை உயரமானவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். வரிசை முழுக்கச் சிரித்துக் கலைந்தது.

டீச்சரும் சிரித்தாள். பள்ளிக்கூட ஆண்டு விழாக்களுக்குக் குழந்தைகளைப் பட்டாம்பூச்சியாக ஆட வைப்பதும், கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் நண்பர்களுக்கு சினிமாப் பாட்டுக்கு ஸ்டெப் சொல்லிக்கொடுப்பதும் அவள் பிழைப்பு. இடது காலை எடு என்றால் இரண்டு கையையும் தூக்குகிற மாமாக்களோடு மல்லுக்கட்டி வாங்குகிற பணத்தில்தான் இந்தக் கூடத்துக்கு வாடகை கொடுத்தாள். தன்னுடைய டான்ஸ் என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டது இங்கே நடப்பதைத்தான். வீட்டு வேலை செய்யும் பெண்களின் முதுகை வைத்து முன்பு ஒன்று செய்திருந்தாள். இப்போது கை.

பசையில் கலக்கிற திரவத்தின் ஆவி வருஷக்கணக்கில் உடம்பில் ஏறினால் விரல் நுனியிலிருந்து உணர்ச்சி போகத் தொடங்கும் என்று ஒரு டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். பிறகு பாதத்திலும் போகுமாம். ஆவியை வெளியே இழுக்கும் காற்றாடி இருந்தால் இவ்வளவு வராது, பசையை மாற்றினால் வரவே வராது என்றார். கம்பெனியில் காற்றாடியும் இல்லை, அதைப் பற்றிப் பேச்சும் இல்லை. விரல் மரத்துப்போனதாகச் சொன்ன ஒருத்தியை, உடம்பு தேறி வா என்று அனுப்பி வைத்தார்கள். அவள் தேறவும் இல்லை, அவளைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை. அதற்குப் பிறகு பசைப் பிரிவில் யாருக்கும் விரல் மரத்துப்போகவில்லை. அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள்.

"சரி, அந்த இடம்," என்றாள் டீச்சர்.

அந்த இடம் என்றால் எல்லோருக்கும் தெரியும். கூடம் அடங்கியது. எட்டுக் கைகளும் ஒன்றாகக் கீழே இறங்கி, பாதியில் நின்றன. தலைகள் குனிந்தன. கண்கள் விரலைத் தேடிப் பிடித்தன. பார்த்த பிறகுதான் விரல்கள் மூடின. கை மேலே வரும்வரை கண் விரலை விட்டு அகலவில்லை, பார்வையை எடுத்தால் பொருள் விழுந்துவிடும் என்பதுபோல. டீச்சருக்கு ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்த்தது. இதுவரை அவள் செய்ததிலேயே நல்ல இடம் அதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

திரும்பியபோது வாசலில் அவளுடைய அக்கா நின்றிருந்தாள்; அவளும் பசைப் பிரிவுதான். கையில் சாப்பாட்டுப் பை. எவ்வளவு நேரமாக நின்றாளோ, முகத்தில் ஈயாடவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாகக் காலைப் பார்த்துப் பார்த்து இறங்கினாள்.

டீச்சர் வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள்.

"அது என் கைதானே?"

டீச்சருக்கு மழுப்பத் தெரியவில்லை. "உன் கைதான்க்கா."

டீச்சர் அந்த அசைவைப் பார்த்தது இந்த வீட்டில்தான். அக்கா கண்ணாடி முன் நின்றுதான் பட்டன் போடுவாள். தீக்குச்சியை எடுக்கும்போது குனிந்து விரலைப் பார்ப்பாள். ஒரு நாள் தெருவில் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் அக்கா முக்கு வரை நடந்துவிட்டாள். பின்னாலிருந்து யாரோ எடுத்து வந்து கொடுத்தார்கள். அம்மா போன பிறகு டீச்சரை வளர்த்ததும், டான்ஸ் வகுப்புக்கு அனுப்பியதும், அக்காவின் புருஷன் இறந்த பிறகும் இந்த வீட்டைத் தாங்கியதும் அந்தக் கை. ஆண்டு விழா சீசன் முடிந்தால் டீச்சருக்கு மாதக்கணக்கில் வேலை இருக்காது. அப்போதெல்லாம் அடுப்பு எரிவது அக்காவின் பசைப் பிரிவுச் சம்பளத்தில்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"எட்டு பேரும் அதத்தான் செய்யறாங்க. எல்லாரும் மூஞ்சியத் துணியால மூடிக்கிட்டுதான் ஆடப் போறாங்க. உன்னன்னு யாருக்குக்கா தெரியும்?"

"மூஞ்சிய மூடிட்டா ஆச்சா? பக்கத்துல நிக்கறவ யாருன்னு நாங்க எவ மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சுக்கறோம்? கையப் பாத்துதான்." அக்காவின் குரல் தாழ்ந்தது. பக்கத்து வீட்டுச் சுவரை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "சர்க்கரைக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்."

சர்க்கரை என்பது பசைப் பிரிவு சூப்பர்வைசருக்குப் பெண்கள் வைத்த பெயர். ஒரு நாளும் கத்தியதில்லை. சாப்பிட்டாச்சாம்மா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுதாம்மா என்று கேட்பார். வேலையை விட்டு நிறுத்தும்போதும் அதே குரல்தான், போய் ரெஸ்ட் எடும்மா என்பார். மற்ற பிரிவுகளில் கத்துகிற சூப்பர்வைசர்களைக் கண்டு யாரும் இவ்வளவு பயந்ததில்லை.

"எதுக்கு இப்படிப் பயப்படற? இதப் பாத்தாதான்க்கா வெளிய நாலு பேருக்குத் தெரியும். காத்தாடி வைப்பாங்க, பசைய மாத்துவாங்க."

"வைக்கட்டும். நல்லா வைக்கட்டும். அதுக்குள்ள என்ன வெளிய தள்ளிட்டா? நோயின்னு ஊருக்குத் தெரியறதுக்கு முன்னாடி அனுப்பிட்டா நாங்க அவங்க ஆளே இல்லன்னு ஆயிடும். அப்பறம் இந்தக் கைய எவன் வேலைக்கு எடுப்பான்? ஒரு டம்ளரக்கூடப் பாக்காம எடுக்க முடியல." சொல்லிவிட்டு, சொன்னதற்கே பயந்தவள்போல இரண்டு கைகளையும் மடியில் மறைத்துக்கொண்டாள். "அந்த இடத்த மட்டும் எடுத்துடு. மத்ததெல்லாம் ஆடிக்கோ."

டீச்சர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அன்று அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்த இடத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் பசை தடவுகிற டான்ஸ்தான். கடைசியில் அவள் எடுக்கவில்லை.

நிகழ்ச்சி நூலகத்துக்குப் பின்னாலிருந்த அரங்கில் நடந்தது. அக்கா வரவில்லை, தலைவலி என்றாள். நாற்காலிகள் முக்கால்வாசி நிறைந்திருந்தன. அந்த இடம் வந்தபோது இருமுவதற்குக்கூட ஆளில்லை. எட்டுப் பெண்கள், துணி மூடிய முகங்கள், கண் பார்த்த பிறகு மூடுகிற விரல்கள். விளக்கு அணைந்தது. கை தட்டியது ஓயவில்லை. டீச்சர் திரைக்குப் பக்கத்தில் நின்று அழுதாள். நல்ல அழுகைதான்.

பெண்கள் உடை மாற்றப் போயிருந்தார்கள். டீச்சர் மேடையோரம் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து நின்றார். நடுத்தர வயது, வெளுத்த முழுக்கைச் சட்டை, பையில் பேனா. பத்திரிகைக்காரராக இருக்கும் என்று நினைத்தாள்.

"ரொம்ப நல்லா இருந்துதும்மா," என்றார். "நான் டான்ஸெல்லாம் பாத்துப் பழக்கமில்லாதவன். ஆனா அந்தக் கையப் பாக்கற இடம் இருக்கே, மனச என்னவோ பண்ணிடுச்சு. அதுக்கு என்னம்மா அர்த்தம்?"

இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பாட்டு எந்தப் படம் என்று கேட்பார்கள், ஆளுக்கு எவ்வளவு என்று கேட்பார்கள். டீச்சருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஒயரைக் கீழே போட்டுவிட்டுச் செய்தே காட்டினாள்.

"விரல் நுனியில உணர்ச்சி போயிடும் சார். தொட்டது தெரியாது. அதனால கண்ணாலதான் பிடிக்கணும். பாத்துக்கிட்டே இருந்தா ஊசியக்கூட எடுத்துருவாங்க, உங்களுக்குக் கொஞ்சமும் வித்தியாசம் தெரியாது. வருஷக்கணக்கா அப்படித்தான் சமாளிக்கறாங்க. கண்ண மூடச் சொன்னா முடிஞ்சுது, கையில இருக்கா இல்லையான்னே தெரியாது."

"அடடா," என்றார் அவர். "கண்ண மூடிட்டா தெரியாதா?"

"தெரியவே தெரியாது சார்."

"பாவம்மா." அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "சாப்பிட்டீங்களாம்மா? ராத்திரி ஆவுது, எல்லாரும் பத்திரமாப் போங்க."

அவர் படியிறங்கும்போது நெட்டை கூந்தலை முடிந்துகொண்டே வெளியே வந்தாள். சட்டென்று திரைக்குப் பின்னால் ஒதுங்கி, திரைத் துணியை இழுத்து முகத்தில் பிடித்துக்கொண்டாள்.

"அவரு எதுக்கு டீச்சர் வந்தாரு?"

"யாரு?"

"சர்க்கர. உங்ககிட்ட என்ன கேட்டாரு?"

சாப்பிட்டீங்களாம்மா என்ற குரல் டீச்சருக்கு இப்போதுதான் காதில் விழுந்ததுபோல இருந்தது. "நல்லா இருந்துதுன்னாரு," என்றாள். மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாளும் ஒன்றுமில்லை. அக்கா வேலையிலிருந்து வரும் நேரத்துக்கு டீச்சர் ஜன்னலருகே நின்றாள். தெருமுனையில் அந்த நடை தெரியும்வரை அங்கிருந்து நகர மாட்டாள். வந்ததும், "சர்க்கர ஏதாவது சொன்னாரா?" என்பாள். "சாப்பிட்டியாம்மான்னு கேட்டாரு, வேறென்ன சொல்லுவாரு," என்பாள் அக்கா. நிகழ்ச்சியைப் பற்றி ஒரு பத்திரிகையில் நாலு வரி வந்தது. உருக்கமான கைகள் என்று எழுதியிருந்தார்கள். டீச்சர் அதை அக்காவுக்குக் காட்டவில்லை. ஒரு பள்ளியில் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி டான்ஸ் சொல்லிக்கொடுக்கப் போனவள், கையைத் தூக்கச் சொல்லிவிட்டு இறக்கச் சொல்ல மறந்து நின்றாள். பிள்ளைகள் கை வலிக்குது மிஸ் என்று கத்திய பிறகுதான் நினைவு வந்தது.

வாரக் கடைசியில் நெட்டை வீட்டுக்கே வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றபடியே பேசினாள். அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள்.

"மொத வரிசைய இன்னைக்கு வரச் சொல்லி முத்தத்துல நிக்க வச்சாங்க. ஹெல்த் செக்கப்பாம். டாக்டரும் இல்ல, நர்சும் இல்ல. சர்க்கரையும் ஆபீஸ்காரர் ஒருத்தரும்தான். ஒரு மேச, மேல ஆணி. கண்ணக் கட்டிட்டு ஒரு ஆணிய எடும்மான்னாரு. அவ்வளவுதான்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "பாதிப் பேரு கைய வெறுமனே தூக்கினாங்க. அவங்கள உள்ள விடல. நம்ம டான்ஸயே ஆட வைக்கறாரு டீச்சர். கண்ண மட்டும் கட்டிட்டாரு."

"நீ?" என்றாள் அக்கா.

"எனக்கு இன்னும் கட்ட விரல்ல கொஞ்சம் மிச்சம் இருக்குக்கா. தப்பிச்சேன். நாளைக்கு உங்க வரிச."

அவள் போய்விட்டாள். அக்கா போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"கண்ணக் கட்டணும்னு அவருக்கு எப்படித் தோணுச்சு?" என்றாள், தனக்குத் தானே பேசுவதுபோல. "டான்ஸப் பாத்தா கையப் பாக்கறது தெரியும். கண்ண மூடினா தெரியாதுங்கறது எங்களுக்கு மட்டும்தான் தெரியும். யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க."

"நான்தான்க்கா." என்றாள் டீச்சர். "யாருன்னு தெரியாம சொல்லிட்டேன். அர்த்தம் கேட்டாரு. சொல்லிட்டேன்."

அக்கா அவளையே பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு தெரு கேட்கத் திட்டியிருந்தாலும் நன்றாக இருந்திருக்கும். அக்கா எழுந்துபோய் எவர்சில்வர் தட்டு ஒன்றையும், அலமாரி இடுக்கில் கிடந்த ஆணியையும், ஒரு ஷாலையும் எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தாள்.

"சரி. ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கறியே, எனக்கும் சொல்லிக் குடு. எப்படி எடுக்கறது?"

டீச்சர் ஷாலை மடித்து அக்காவின் கண்ணைக் கட்டினாள். ஆணியைத் தட்டில் வைத்தாள். அக்காவின் கை இறங்கியது, தட்டைத் தொட்டது, ஆணிக்குப் பக்கத்தில் வெறுமையைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தது.

"இருக்கா?"

"இல்லக்கா."

மறுபடி. மறுபடியும் இல்லை. ஒரு தடவை ஆணி அகப்பட்டுப் பாதி வழியில் நழுவி விழுந்தது, அது தரையில் பட்ட சத்தத்தில் அக்கா திடுக்கிட்டு, "விழுந்துடுச்சா?" என்றாள். டீச்சர் அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"சத்தம் கேட்டுதுல்ல?"

"கேட்டுது."

"அப்ப கையால தேடாத. காதால தேடு. கைய மெதுவா தட்டுமேல இழு. ஆணி எங்க இருந்தாலும் உரசும். உரசின இடத்துல நிறுத்து, விரல அழுத்தி மூடு. தூக்கும்போது ஒரு தடவ தட்டு ஓரத்துல லேசா இடி. டிங்குன்னு கேட்டா கையில இருக்கு. கேக்கலன்னா திரும்பப் போ. மொகத்த ஆட்டாத, நேரா வையி. தோள இறக்கு."

தன்னிடம் ஆட வருகிறவர்களுக்குச் சொல்வதைப்போலவே அதட்டினாள். அக்காவும் பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கேட்டாள். ஆணியை டீச்சர் இடம் மாற்றி மாற்றி வைத்தாள். அக்காவின் தலை சற்றே சாய்ந்து, காது தட்டின் பக்கம் போகும். டீச்சர் மோவாயைப் பிடித்து நேராக்குவாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கை பழகியது. இறங்கியது, உரசியது, மூடியது, இடித்தது, உயர்ந்தது. டிங் என்றது. மறுபடியும் டிங். எங்கே வைத்தாலும் டிங்.

"உன்கிட்ட டான்ஸ் கத்துக்கற கொடுப்பின எனக்கு இப்பதான் வாச்சுது," என்றாள் அக்கா, கண்கட்டோடு. இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்றதும் அக்கா, "தூங்குனா மறந்துடுமா?" என்று கேட்டாள்.

"மறக்காதுக்கா. உடம்பு மறக்காது."

காலையில் டீச்சரும் கூடவே போனாள். கம்பெனி வாசலுக்கு நூறு அடி முன்னாலேயே பசை வாசனை அடித்தது. அக்கா அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போனாள். கேட் மூடியது. டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைப்போல இன்னும் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

முற்றத்தில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். வரிசையின் தலையில் மேசை. சர்க்கரை ஒவ்வொருத்தியாகக் கிட்டே கூப்பிட்டு, தோளைத் தொடாமல், தானே துணியால் கண்ணைக் கட்டினார். "பயப்படாதம்மா. சும்மா செக்கப்தான்." எடுத்தவர்கள் வலப் பக்கக் கதவு வழியாக வேலைக்குப் போனார்கள். எடுக்காதவர்கள் இடப் பக்கம், சைக்கிள் நிறுத்துமிடத்தில் நிற்க வைக்கப்பட்டார்கள். கண்ணை அவிழ்த்த பிறகும் அவர்களில் ஒருத்தி தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்காவுக்கு முன்னால் நின்றவள் நகர்ந்தபோதுதான் டீச்சர் மேசையைச் சரியாகப் பார்த்தாள். மேலே தட்டும் இல்லை, வெறும் மேசையும் இல்லை. ஷூவின் அடிக்காக வெட்டுகிற கறுப்பு ரப்பர் ஷீட் ஒன்று மேசை முழுக்க விரித்திருந்தது. ஆணிகள் அதன்மேல் கிடந்தன. ஒருத்தி தவறவிட்ட ஆணி ரப்பரில் விழுந்தது. ஒரு சத்தமும் வரவில்லை.

கத்தலாம். கத்தினால் அக்காவைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். டீச்சர் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு, அக்கா ஒரு தடவை இந்தப் பக்கம் பார்க்க மாட்டாளா என்று தவித்தாள். அக்கா பார்த்தாள். மேசையைப் பார்த்தாள், ரப்பரைப் பார்த்தாள், பிறகு திரும்பி கேட்டைப் பார்த்தாள். அதற்குள் துணி கண்ணை மூடிவிட்டது.

"சாப்பிட்டியாம்மா?" என்று சர்க்கரை கேட்டது கேட் வரை கேட்டது.

"ஆச்சு சார்."

"எங்க, ஒரு ஆணிய எடும்மா பாக்கலாம்."

அக்கா தோளை இறக்கினாள். முகத்தை நேராக வைத்துக்கொண்டாள். கை இறங்கி ரப்பர்மேல் மெதுவாக நகர்ந்தது. ஒரு ஆணியின்மேல் ஏறி, அதைத் தாண்டிப் போயிற்று. இன்னொன்றைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் போய் நின்றது. அக்கா காத்திருந்தாள். எங்கிருந்தும் ஒன்றும் கேட்கவில்லை. கம்பெனிக்குள் பெல்ட் ஓடுகிற இரைச்சல்தான் வந்துகொண்டிருந்தது. விரல்கள் அழுந்தி மூடின. கை மேசை விளிம்பில் ஒரு தடவை லேசாக இடித்துக்கொண்டு, நடுக்கமே இல்லாமல் உயர்ந்தது. டீச்சர் இதுவரை ஆட வைத்த எந்தக் கையும் அவ்வளவு சுத்தமாக உயர்ந்ததில்லை.

"எடுத்துட்டேன் சார்," என்றாள் அக்கா.

ஆணிகள் எல்லாம் ரப்பரின்மேல் கிடந்தன. சர்க்கரை பதில் சொல்லவில்லை. அவருக்குச் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அக்கா ஒட்டிய இரண்டு விரல்களையும் இன்னும் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள்.